எழுதிக் கொடுத்த வளவில் ஓர் அறை: முதியோர் சங்கச் செயலாளரின் 2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, ஆரையம்பதியிலும் அயல் கிராமங்களிலும் இருந்து வந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டில் எம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்குச் சற்று முன்னர் அஞ்சலி செலுத்தினோம். மரண உதவித் தொகை எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுக்கு முன்னரே போய்ச் சேர்ந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழமைபோலப் பல்தேவைக் கட்டடத்தில் நடந்தன. வைகாசியில் மட்டும் கூடவில்லை. கண்ணகி அம்மன் சடங்கு நேரத்தில் கூட்டத்துக்கு அழைத்தாலும் யார் வருவார்?

60 வயது நிறைந்தவர்களுக்கான முதியோர் அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பும் வேலை ஆண்டு முழுவதும் நடந்தது. அட்டையை எடுத்துப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, வைத்தியசாலையில் வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து கையில் கொண்டு திரியுங்கள். வருமானம் குறைந்த, 70 வயது கடந்தோருக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நல்ல விடயம். ஆனால் அந்தக் காசில் வாடகைக்கு வீடு எடுக்கலாமா என்று ஒரு அங்கத்தவர் என்னிடம் கேட்டார். மட்டக்களப்பு நகரப் பக்கம் ஒரு அறைக்குக்கூட அது காணாது.

கண்ணில் வெள்ளை படர்ந்தவர்களை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல, எமது இளைஞர்கள் சிலர் முச்சக்கரவண்டியை எண்ணெய்ச் செலவுக்கு மட்டும் ஓட்டித் தந்தார்கள். கிளினிக் நாட்களில் விடியப் போய் இலக்கம் எடுத்து வைத்ததும் அவர்கள்தான். அவர்களுக்கு நன்றி.

இனி, இந்த ஆண்டு எங்கள் நேரத்தில் பெரும் பகுதியை எடுத்த விடயத்துக்கு வருகிறேன். அது வீடு.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் அவள் பேருக்குப் போகும். இரண்டு மகள்கள் என்றால் வளவைப் பிரித்து இரண்டாவது வீடு. கடைசி மகளும் கலியாணம் முடித்த பிறகு தாயும் தகப்பனும் குசினிக்குப் பின்னால் தகரத்தால் ஒரு பத்தி இறக்கிக்கொண்டு அதற்குள் போவார்கள். மகள்மார் பார்க்காமல் விடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் பார்க்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுத் திட்டம் ஒன்று வந்தால் முதலில் கேட்பது காணி உறுதியை, அல்லது அரச காணிக்கான அனுமதிப்பத்திரமான ஒப்பத்தை. உறுதி மகளின் பேரில். மகளுக்கோ ஏற்கனவே கல்வீடு இருக்கிறது. ஆகவே அந்த வளவுக்கு உதவி இல்லை. தாய்க்குக் காணி இல்லை, ஆகவே தாய்க்கும் இல்லை. பத்திக்குள் இருக்கிற மனுசி எந்தப் பட்டியலிலும் வராமல் போகிறாள். சுனாமிக்குப் பிறகு திராய்மடு போன்ற இடங்களில் கட்டிய வீடுகள் குடும்பக் கணக்கில்தான் கொடுக்கப்பட்டன. அன்று ஒரு குடும்பமாக எழுதப்பட்ட வீட்டுக்குள் இன்று மூன்று தலைமுறை.

எமது அங்கத்தவரான ஒரு பெத்தாவை, அதாவது ஒரு பாட்டியை, வீட்டுத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொன்னபோது அவர் சொன்னது: "நான் வீடு குடுத்தவள், மகன். வீடு கேட்டு வரிசையில நிக்கிறதுக்கு எனக்கு வெக்கம்." அவரைச் சம்மதிக்க வைக்கவே பல நாள் போனது. பிறகு விண்ணப்பமும் மேலே சொன்ன காரணத்தால் திரும்பி வந்தது.

ஆகவே புதுவீடு கேட்பதை ஒருபக்கம் வைத்துவிட்டு, இருக்கிற இடத்தைத் திருத்த முடிவெடுத்தோம். முதலில் மலசலகூடம். எங்கள் ஆட்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் இரவில். குந்தும் பேசினுக்குப் பதிலாகக் கொமட், பக்கச் சுவரில் இரும்புக் குழாய்க் கைப்பிடி, வாசல் படியை உடைத்துச் சாய்வாகச் சீமெந்து, வெளியே ஒரு மின்குமிழ். மேசன் முதல் வீட்டில் கைப்பிடியைத் தன் உயரத்துக்குப் பொருத்திவிட்டார். பெத்தா கொமட்டில் இருந்துகொண்டு கையை நீட்டினார், எட்டவில்லை. கழற்றித் திரும்பப் பூட்டினோம். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஆளை இருக்கச் சொல்லி, கை பிடிக்கிற இடத்தில் கரியால் கோடு போட்டுவிட்டுத்தான் துளை போடுவது. சாமான் செலவில் ஒரு பங்கை வெளிநாட்டில் இருக்கும் எம்மவர் பிள்ளைகள் தந்தார்கள், கூலிக்குப் பதில் சிரமதானம்.

நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் வேலை நின்றது. பத்திகளில் இருந்தவர்களைப் பாடசாலைக்கு அழைத்தபோது வர மறுத்தவர்களும் இருந்தார்கள். 1978 சூறாவளியைக் கண்டவர்களுக்கு இது ஒரு காற்றா என்று விவாதம் வேறு. அந்தச் சூறாவளியில் ஊரே தரைமட்டமானதை மறந்துவிட்டுப் பேசுகிற பேச்சு இது. அடுத்த மாரிக்கு முன், எழுந்து நடக்க முடியாதவர்களின் பட்டியல் ஒன்று கிராம உத்தியோகத்தரிடம் இருக்க வேண்டும். அதை நாங்களே தயாரித்துக் கொடுப்போம்.

சட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி, அதற்கென உள்ள சபையில் முறையிடலாம். சட்டத்தரணி வைத்து வழக்காட வேண்டியதில்லை. விண்ணப்பம் எழுத உத்தியோகத்தர் உதவுவார். நன்கொடையாக எழுதிய உறுதியைப் பெரும் நன்றிகேட்டின் பேரில் ரத்துச் செய்ய 2017இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். ஆனால் பெற்ற பிள்ளையை நன்றிகெட்டவள் என்று மன்றில் நின்று சொல்ல எங்கள் ஊரில் எத்தனை தாய்மார் முன்வருவார்கள்? என் அபிப்பிராயம், எழுதும்போதே கவனமாக எழுதுவது நல்லது. மகளுக்கு வீட்டை எழுதுகிற நாளில், தாய் தகப்பனுக்குச் சீவிய உருத்து, அதாவது சாகும்வரை அங்கே இருக்கும் உரிமை, வைத்து எழுதும்படி உறுதி எழுதும் நொத்தாரிசிடம் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து அந்த ஒரு வரியை விட்டுவிடுகிறோம். சுளிக்கட்டும். உயிரோடு இருக்கும்வரை அந்த வளவில் உங்களை எழுப்ப ஒருவராலும் முடியாது.

நிர்வாக சபை இரண்டு பிரேரணைகளை முன்வைக்கிறது. ஒன்று, பிள்ளையின் பேரில் உள்ள வளவிலும், பிள்ளையின் எழுத்து மூலச் சம்மதத்துடன், பெற்றோருக்குத் தனி அறையும் மலசலகூடமும் கட்ட வீடமைப்பு உதவி வழங்கப்பட வேண்டும் என்று பிரதேச செயலாளர் ஊடாகக் கோருவது. மற்றது, சீவிய உருத்துப் பற்றி விளக்க ஒரு நொத்தாரிசை அழைத்துக் கூட்டம் வைப்பது. அதற்குக் கலியாண வயதில் பிள்ளைகள் உள்ளவர்களையும் அழைக்க வேண்டும். எங்களுக்கு மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை, நாங்கள் எழுதிக் கொடுத்து முடித்தவர்கள்.

அறிக்கையில் திருத்தம் இருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாராவது முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்