பிரசவ வார்டு வாசலில் இருக்கும் கை கழுவும் தொட்டி குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், பிரசவ வார்டின் பொறுப்பு மருத்துவர்களுக்கும், பராமரிப்புப் பிரிவினருக்கும் வணக்கம்.

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தலைப்பைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தத் தொட்டியைப் பற்றி இரண்டு முறை எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டேன். ஒரு முறை நேரில் வந்து சொன்னேன். "பார்க்கிறோம் சார்" என்றார்கள். சென்ற செவ்வாய்க்கிழமை என் மகளைக் கட்டு மாற்றுவதற்காக மறுபடி அழைத்து வந்தேன். சுவரில் அதே காலி சோப்பு டப்பா. குழாயைத் திருகினால் அதே காற்று. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்தத் தொட்டியில் இரவும் பகலும் தண்ணீர் வர வேண்டும், சோப்பு இருக்க வேண்டும்.

வார்டுக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே என் மகள் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த எட்டு நாட்களும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே அந்தத் தொட்டி. காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை குழாயில் தண்ணீர் வரும். அப்புறம் எப்போது வரும் என்று வார்டில் வேலை செய்பவர்களுக்கே தெரியாது. மூன்றாம் நாள் இரவு, மணி இரண்டைத் தாண்டியிருக்கும். செவிலியர் ஒருவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். குழாயைத் திருகினார், இருமுவது போல ஒரு சத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை. சுவரில் பதித்திருந்த டப்பாவை மூன்று முறை அழுத்தினார். 'புஸ்' என்று காற்றுதான் வந்தது. பிறகு மேசைக்குப் போய்த் தன் கைப்பையிலிருந்து ஒரு சோப்புப் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே, காகிதம் போலத் தேய்ந்துபோன ஒரு பச்சைத் துண்டு. என் பக்கத்தில் இருந்த குடிநீர் பாட்டிலைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் ஊற்றுகிறீர்களா?" என்று கேட்டார். ஊற்றினேன். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று அவர் நிதானமாகத் தேய்த்துக் கழுவினார். அந்தக் கைகளில் தோல் வெடித்திருந்தது. கழுவி முடித்ததும் அடுத்த கட்டிலுக்கு ஓடினார். உள்ளே அன்றிரவு முப்பதுக்கும் மேற்பட்ட தாய்மார்கள், அவர் ஒருவர்.

அவர் தலைக்கு மேலே, கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஆறு படங்களில் சொல்லும் சுவரொட்டி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

அந்தச் செவிலியர் மீது எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, நன்றிதான் இருக்கிறது. ஆனால் பாட்டிலோடு ஒருவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திராத இரவுகளில் அவர் என்ன செய்வார்? அடுத்த ஷிப்டில் வருபவரின் கைப்பையில் சோப்புப் பெட்டி இருக்குமா? இதற்கு உங்களிடம்தான் பதில் கேட்க முடியும்.

ஐந்தாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. சிசேரியன் தையலில் சீழ் வைத்தது. வீட்டுக்கு அனுப்பிய பிறகும் தையல் பிரிந்து, மறுபடி சேர்த்து, இன்றுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம். குழந்தையைத் தூக்கிப் பால் கொடுக்க அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. எந்தக் கையிலிருந்து, எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாரையும் கைகாட்ட நான் வரவில்லை. தண்ணீரும் சோப்பும் இல்லாத இடத்தில் அது வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி, பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் 'ஜன்னி கண்டு' இறந்துபோனார். எங்கள் வீட்டில் அவருடைய புகைப்படம்கூடக் கிடையாது. அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. என் மகளுக்கு உடம்பு கொதிக்கிறது என்று என் மனைவி வெளியே வந்து சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்ததும் அதே சொல்தான்.

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான். பிரசவ ஜன்னி, அதாவது பிள்ளை பெற்ற தாய்க்குக் கிருமி தொற்றி வரும் காய்ச்சல், எப்படி வருகிறது என்பதை மனிதர்கள் எவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் மருத்துவக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். ஆனாலும் இன்று அதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரியாவின் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846ஆம் ஆண்டு முதல் பிரிவில் 4010 பிரசவங்கள் நடந்தன, 459 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் 3754 பிரசவங்களுக்கு 105 மரணங்கள். ஒரே கட்டடம், ஒரே நகரம், ஒரே ஏழைப் பெண்கள். எந்தக் கிழமையில் வந்து சேர்கிறார்களோ அதைப் பொறுத்து எந்தப் பிரிவு என்பது முடிவாகும். ஊருக்கே இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். வழியில் தெருவோரத்தில் பெற்றுக்கொண்டு வந்தவர்கள்கூட முதல் பிரிவில் பெற்றவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள்.

காற்றில் கலந்த கெட்ட வாயுதான் காரணம் என்றார்கள் மூத்த மருத்துவர்கள். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்காக மணியடித்துக்கொண்டு வரும் பாதிரியாரின் சத்தம் கேட்டுப் பயந்து சாகிறார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். அங்கே உதவி மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் அதையும் சோதித்தார். பாதிரியாரின் வழியை மாற்றி மணியை நிறுத்தினார், சாவு நிற்கவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொலெச்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலைக் கீறியிருந்தது. அவருடைய உடலைத் திறந்து பார்த்த குறிப்பில், ஜன்னியில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்டவையே இருந்தன. பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகள்தாம் சாவைச் சுமந்து வருகின்றன என்று செம்மல்வைஸுக்கு அப்போது விளங்கியது. மருத்துவச்சிகள் பிணங்களைத் தொடுவதில்லை. இரண்டாம் பிரிவில் சாவு குறைந்ததற்கு அதுவே காரணம்.

அந்த மே மாதம் பிரசவ அறைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் நீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார். அது விலை அதிகம் என்றதும் குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக்கு மாறினார். நம் ஊரில் கிணற்றுக்குப் போடுகிறோமே, அதே பிளீச்சிங் பவுடர்தான். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்த பிரிவில், ஜூன் மாதம் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். அடுத்த ஆண்டில் இரண்டு மாதங்கள் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

இந்தக் கதையில் நீங்கள் அவசியம் நினைத்துப் பார்க்க வேண்டியது 1847 அக்டோபரை. பிணவறையிலிருந்து வரும்போது மட்டும் குளோரினில் கழுவினால் போதும் என்று முதலில் செம்மல்வைஸே நினைத்திருந்தார். அந்த மாதம் கருப்பைப் புற்றுநோயோடு, சீழ் வடியும் நிலையில் ஒரு பெண் முதல் கட்டிலில் சேர்க்கப்பட்டார். மருத்துவர்கள் ரவுண்ட்ஸைத் தொடங்குவது அந்தக் கட்டிலிலிருந்துதான். அவரைப் பரிசோதித்துவிட்டு, குளோரின் இல்லாமல், சோப்பால் மட்டும் கழுவிக்கொண்டு வரிசையாக அடுத்தடுத்த பெண்களைத் தொட்டார்கள். அப்போது பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். உயிருள்ள ஒருவரின் உடலிலிருந்தும் கை வழியாகச் சாவு நடந்து போகும் என்று செம்மல்வைஸ் அன்று கற்றார். அதன்பின் ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு இன்னொருவரைத் தொடுவதற்கு முன்னும் குளோரினில் கழுவ வேண்டும் என்று விதியை மாற்றினார். ஐயா, அம்மா, சோப்பு மட்டும் போதாமல் போன அந்த வார்டில் சோப்பாவது இருந்தது. நம் வார்டில் அதுவும் இல்லை.

இதைச் சொன்னவர்களுக்கு மரியாதை கிடைக்கவில்லை. 1795இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்ஸாண்டர் கார்டன் என்ற மருத்துவர், எந்த மருத்துவச்சி எந்தத் தாயைப் பார்த்தார், யார் யாருக்கு ஜன்னி வந்தது என்று பட்டியல் போட்டுக் காட்டினார். பல பெண்களுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று வெளிப்படையாக எழுதினார். அவரை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். அந்த நேர்மைக்குப் பரிசாக ஊராரின் வெறுப்பைச் சம்பாதித்து ஊரைவிட்டே போனார். செம்மல்வைஸுக்கு 1849இல் வேலை நீட்டிக்கப்படவில்லை. 1861லும் 1862லும் பேராசிரியர்களுக்குத் திறந்த மடல்கள் எழுதினார். ஆத்திரம் தாங்காமல் அவர்களைக் கொலைகாரர்கள் என்றார். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். 1865 ஆகஸ்ட் 13 அன்று, மனநல விடுதி ஒன்றில், காயம் சீழ்பிடித்து இரத்தம் நஞ்சாகி இறந்தார். வயது 47. அதற்கு முந்தைய நாள்தான் கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்துக்கு, கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டுப் போட்டார். அந்தக் கால் பிழைத்தது.

நானும் இப்போது திறந்த மடல்தான் எழுதுகிறேன். உங்களை அப்படி எந்தச் சொல்லாலும் அழைக்க மாட்டேன். ஆனால் ஆத்திரம் எனக்கும் இருக்கிறது.

செம்மல்வைஸுக்குக் கிருமி என்றால் என்னவென்று தெரியாது. நெதர்லாந்தின் டெல்ப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹூக், மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வழியாகப் பார்த்து, அதில் நீந்தும் உயிர்களைப் பற்றி 1676இல் லண்டன் அறிவியலாளர்களுக்கு எழுதினார். ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர்தான் ஒரு குறிப்பிட்ட நோயைத் தருகிறது என்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக், கால்நடைகளைத் தாக்கும் ஆந்த்ராக்ஸ் நோயில் காட்டியது 1876இல். இடையில் 200 ஆண்டுகள். 1879இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் ஜன்னிக்கு வேறு ஏதோ காரணம் பேசிக்கொண்டிருந்தவரை இடைமறித்து, லூயி பாஸ்டர் கரும்பலகையில் மணிமாலை போல ஒரு கிருமிச் சங்கிலியை வரைந்து காட்டினார். இன்று நாம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று அழைப்பது அதைத்தான். அதைப் பார்க்கும் முன்பே, காரணம் முழுதாக விளங்கும் முன்பே, ஒரு வாளி பிளீச்சிங் பவுடர் கரைசலோடு நூற்றுக்கணக்கான தாய்மார்களைக் காப்பாற்றினார்கள். எல்லாம் விளங்கிவிட்ட காலத்தில் இருக்கும் நமக்கு ஒரு குழாயைச் சரிசெய்ய முடியவில்லை.

கொரோனா காலத்தில் காலால் மிதித்தால் சானிடைசர் வரும் இரும்புத் தாங்கி ஒன்றை வாசலில் வைத்தீர்கள். அது இன்று துருப்பிடித்து, யாருடைய குடையையோ மாட்டிக்கொண்டு வராந்தா மூலையில் நிற்கிறது. சென்ற மாதம் நுழைவாயிலுக்குப் புதிய வளைவு கட்டி வண்ணம் அடித்தார்கள். வராந்தாவில் நான்கு கண்காணிப்புக் கேமராக்கள் மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று நேராகத் தொட்டியைத்தான் பார்க்கிறது. இவற்றுக்கெல்லாம் பணம் கிடைத்தது. காலி டப்பாவை நிரப்புவது யார் வேலை என்று கேட்டபோது, பராமரிப்புப் பிரிவு ஸ்டோர் என்றது, ஸ்டோர் வார்டு என்றது, வார்டு ஒப்பந்தக்காரர் என்றது. ஒரு முறை நானே சோப்பு வாங்கி வைத்தேன். வெளியாள் பொருள் வைக்கக் கூடாது என்று மறுநாள் எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டபோது கோபம் அடக்க முடியாமல் குரலை உயர்த்திவிட்டேன். அதற்காக அந்தப் பணியாளரிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் அவர் செய்தார்.

உங்களுக்கு ஆள் பற்றாக்குறை, கூட்டம், மேலிடத்து நெருக்கடி எல்லாம் உண்டு என்பதை அறிவேன். என் மகளையும் பேரனையும் உயிரோடு கையில் கொடுத்தவர்களும் நீங்களே. அந்த நன்றியோடுதான் கேட்கிறேன். மேல்நிலைத் தொட்டியிலிருந்து அந்தக் குழாய்க்குத் தனி இணைப்புக் கொடுங்கள். அது வரும்வரை குழாய் வைத்த ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். ஒவ்வொரு ஷிப்டு தொடங்கும்போதும் சோப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் கையெழுத்திட ஒரு அட்டையை அந்த ஆறு படங்களுக்குக் கீழே தொங்கவிடுங்கள். கட்டிலுக்குக் கட்டில் சானிடைசர் வைக்க முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டாலும், அந்தத் தொட்டியில் இரவும் பகலும் தண்ணீர் வர வேண்டும், சோப்பு இருக்க வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை மகளைக் கட்டு மாற்ற அழைத்து வருகிறேன். காலை பதினொரு மணிக்கு, குழாயில் வழக்கமாகத் தண்ணீர் நின்றுபோயிருக்கும் நேரத்தில், அந்த பெஞ்சில் இருப்பேன். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்