உஷா உதுப்பின் பழைய இசைத்தட்டுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இசை நிறுவனத்தாருக்கு வணக்கம்.

பாப் பாடகி உஷா உதுப் பாடிய பதிவுகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இல்லை. படத்துக்கு ஒரு நிறுவனம், ஆங்கிலப் பாடல்களுக்கு ஒன்று, மற்ற மொழித் தனிப்பாடல்களுக்கு வேறொன்று என்று ஐம்பது ஆண்டுகளில் சிதறியும் கைமாறியும் கிடக்கின்றன. அதனால் எந்த நிறுவனத்தின் பெயரையும் போடாமல், அவர் குரல் பதிந்த ஒரு நாடாவாவது தன் அலமாரியில் வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன்.

நான் மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். வயது 61. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு வீட்டில் ஒன்பது பேர் கூடிப் பழைய தட்டுகளைக் கேட்போம். சயான், முலுண்ட், தாராவி என்று பல இடங்களிலிருந்தும் வருவார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி, எங்கள் எல்லோருக்கும் அண்ணா. எங்களில் இளையவன் அந்தேரியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் தம்பி, வயது 26. சென்ற மாதக் கூட்டத்தில் பாட்டு கேட்டது அரை மணி நேரம், சண்டை போட்டது மூன்று மணி நேரம். அந்தச் சண்டைதான் இந்த மடலுக்குக் காரணம்.

சண்டையைத் தொடங்கிவைத்தது நான் கொண்டுபோன ஒரு தட்டு. சோர் பஜாரில் மட்டன் தெருக் கடை ஒன்றில் 400 ரூபாய்க்கு வாங்கினேன். ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று, உஷா உதுப் பாடிய ஆங்கிலப் பாடல்கள். உறையின் மடிப்பு பழுப்பேறி, ஒரு மூலையில் எறும்பு அரித்திருந்தது. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் முதல் பாட்டின் பள்ளங்கள் மட்டும் மங்கி வெளுத்திருந்தன. யாரோ அந்த ஒரு பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நடு லேபிளில் எப்போதோ ஒரு கடைக்காரர் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார், பிறகு வேறொருவர் அதை உரித்திருக்கிறார். சீட்டோடு சேர்ந்து, ஆண்டு அச்சிட்டிருந்த இடமும் பிய்ந்து போய்விட்டது.

“இது 1968” என்றார் அண்ணா. உஷா உதுப்பின் முதல் ஆங்கிலப் பாடல்கள் அந்த ஆண்டு வந்தவை என்றுதான் பல இடங்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. “1969இல்தானே சென்னை மவுண்ட் ரோட்டில் நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில் முதன்முதலாகப் பாடினார்? மேடை ஏறும் முன்னே தட்டு எப்படி வந்திருக்கும்?” என்றார் முலுண்ட் மாமி. தம்பி கைப்பேசியை எடுத்து ஒரு செயலியில் தேடினான். அதில் காட்டிய ஆண்டு, பதிவை டிஜிட்டலாக மாற்றி ஏற்றிய ஆண்டு. பாடகி பாட்டியான பிறகு பாடியதாக அது சொல்கிறது. மூன்று பேரும் மூன்று பக்கம் இழுத்தார்கள். பதில் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. தட்டு எண், ஒலிப்பதிவு நாள், வெளியீட்டு நாள் எல்லாவற்றையும் எழுதிவைக்காமல் எந்த நிறுவனமும் தட்டு அச்சடித்திருக்க முடியாது.

ஆண்டிலிருந்து பேச்சு மெல்ல நகர்ந்து, நாங்கள் எப்போதும் வந்து நிற்கும் இடத்துக்கு வந்தது. நிறுவனங்கள் அவரைக் கைவிட்டனவா, இல்லையா?

அண்ணாவின் கட்சி, கைவிட்டார்கள் என்பது. பாடகியைப் படப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், அதிலும் களியாட்டக் காட்சிக்கு மட்டும். 1978இல் ‘ஷாலிமார்’, 1980இல் ‘ப்யாரா துஷ்மன்’, 1981இல் ‘அர்மான்’, 1982இல் ‘டிஸ்கோ டான்சர்’ என்று விரல் விட்டு எண்ணி, “இந்த நாலைந்து பாட்டைத்தான் நாற்பது வருடமாகத் தொகுப்பு தொகுப்பாக விற்கிறார்கள். மற்றதெல்லாம் எங்கே?” என்று கேட்டார். மாமி விட்டுக்கொடுக்கவில்லை. நிறுவனத்தை நம்பியா அவர் வாழ்ந்தார்? கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் ட்ரிங்காஸ் உணவகத்தில் ஒவ்வொரு இரவும் நின்று பாடி வளர்ந்தவர். 1980களில் அதே ஊரில் ஓர் அமைச்சர் அவருடைய பாட்டைப் பண்பாட்டுச் சீரழிவு என்று சொன்னபோது நீதிமன்றப் படி ஏறியவர். அவருக்குத் தட்டு ஒரு பொருட்டே இல்லை என்பது மாமியின் கட்சி.

நான் இருவரிடமும் முழுதாக உடன்படவில்லை. கைவிட்டார்கள் என்று மொத்தமாகச் சொன்னால் அந்தக் காலத்து வியாபாரத்தை மறந்து பேசுவதாகிவிடும். பல பாடல்கள் கொண்ட பெரிய எல்.பி. தட்டு ஒன்று வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. தட்டுப் பெட்டி உள்ள வீடு எங்கள் கட்டடத்தில் ஒன்றே ஒன்று. படப்பாட்டுக்குப் படமே விளம்பரம். வானொலி இலவசமாக ஊர் முழுக்கக் கொண்டுபோய்விடும். தனிப்பாட்டுக்கு அந்த வசதி கிடையாது. 1980களில் கேசட் வந்து விலையை உடைத்த பிறகுதான் படமில்லாத பாட்டுக்கு மூச்சு வந்தது. 1981இல் பாகிஸ்தான் பாடகி நாஸியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’ விற்றபோது, படம் இல்லாமலும் பாப் பாட்டு இந்தியாவில் விற்கும் என்பது உங்கள் தொழிலுக்கே தெரிந்துபோனது.

அதன் பிறகு நடந்ததில்தான் எனக்கு வருத்தம். 1995இல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’, அடுத்த ஆண்டே நம் மும்பை ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்த ‘கலோனியல் கசின்ஸ்’ என்று இந்தியப் பாப் அலை எழுந்தது. அப்போது உஷா உதுப் மேடையில் கால் நூற்றாண்டைக் கடந்திருந்தார். காஞ்சிப் பட்டும் தலையில் பூவும் வைத்துக்கொண்டு ஒரு பெண் இந்த நாட்டில் பாப் பாடலாம் என்பதை இரவு விடுதி மேடையில் நிரூபித்துக் காட்டியவர் அவர். அந்த அலையின்போது அவருடைய பழைய பதிவுகளை எடுத்து, இதோ எங்கள் முன்னோடி என்று ஒரு முறை நிறுத்திக் காட்டியிருந்தால் ஒரு தலைமுறையே வேறு விதமாக அவரைக் கேட்டிருக்கும். பணம் புழங்கிய காலம் அது. கெட்டியான ஒரு பெட்டித் தொகுப்பு போட உங்களுக்கு முடியாமல் போயிருக்காது.

மாமி சொன்னதில் ஒரு பாதி எனக்குச் சொந்த அனுபவம். 1982இல் ஒரு கல்லூரி விழாவுக்கு அம்மாவை வற்புறுத்தி அழைத்துப் போனேன். மேற்கத்திய இசை வகுப்பில் நான் சேரக் கேட்டு, நம் வீட்டுப் பெண்ணுக்கு அது வேண்டாம் என்று அம்மா மறுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மேடையில் உஷா உதுப் புடவையில் வந்து நின்றதும் அம்மா என் முழங்கையைப் பிடித்தார். மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரை. அம்மா தன் திருமணத்துக்கு உடுத்திய புடவையின் அதே சேர்மானம். பிறகு அந்தக் கனத்த குரல் எழுந்தது. பாட்டுக்கு நடுவே கூட்டத்தோடு பேசி, சிரிக்கவைத்து, கைதட்டலை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றி மாற்றி வாங்கினார். வீடு திரும்ப ரயில் ஏறும்வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. தாதர் வந்ததும், “வகுப்புக்கு மாதம் எவ்வளவு?” என்று கேட்டார்.

அந்த இரவை எந்தத் தட்டிலும் நான் கேட்டதில்லை. ஆனால் அதனாலேயே தட்டு ஒரு பொருட்டில்லை என்று மாமி சொல்வதை என்னால் ஏற்க முடியாது. மேடையில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம். தம்பி அவரை மேடையில் பார்த்ததே இல்லை. 2011இல் வந்த ‘7 கூன் மாஃப்’ படப் பாட்டுத்தான் அவனுக்கு முதல் அறிமுகம். அதற்கு அவர் ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார். பாடும்போது வயது 60ஐத் தாண்டியிருந்தது. அதிலிருந்து பின்னோக்கி நடந்து ‘அஞ்சலி’க்கு வந்தான். 1990இல் இளையராஜா இசையில் அவர் தமிழில் பாடியது. அதற்கும் பின்னால் போகப் பார்த்தால் வழி அடைத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்ப அதே படப்பாட்டுகள், வேறு வேறு அட்டைப் படங்களுடன். யார் கிதார் வாசித்தார்கள், எந்த ஊர்க் கூடத்தில் பதிந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் ராயல்டி உரிமை உண்டு என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெயரே எழுதிவைக்காத வாத்தியக்காரருக்கு யார் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

தம்பிதான் அன்று நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்றைச் சொன்னான். பாட்டை முதலில் பதிந்த மூல நாடா சாகக்கூடிய பொருள். பழைய அசிடேட் நாடா சிதையும்போது காடி வாடை அடிக்கும்; பெட்டியைத் திறந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிடும். பின்னால் வந்த பாலியெஸ்டர் நாடாக்களில் சிலவற்றில், காந்தப் பொடியைப் பிடித்துவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓடவிட்டால் பொடி உதிர்ந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும், பாட்டும் அதோடு போகும். மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கினால் சிறிது காலத்துக்கு நாடா ஓடும், அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்துக் காற்று எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கிடங்குகளில் எத்தனை பருவமழையை அந்த நாடாக்கள் பார்த்திருக்கும் என்று அவன் கேட்டபோது, அதுவரை கத்திக்கொண்டிருந்த அண்ணா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். என் கையிலிருக்கும் தட்டு 1968இல் வந்தது என்றால் 2028ஆம் ஆண்டு முடியும்போது அந்தப் பதிவின் மேல் உங்கள் உரிமை முடிகிறது. 1970 என்றால் 2030. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமைக்குக் கணக்கு வேறு. அந்தக் கிழிந்த லேபிளுக்காக நாங்கள் மூன்று மணி நேரம் தொண்டை வறள வாதாடியது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். உரிமை முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் தேய்ந்த தட்டிலிருந்து படியெடுத்து, கரகரப்போடு ஏற்றிவிடலாம். மூல நாடா உங்களிடம் மட்டுமே இருக்கிறது. நல்ல பதிப்பு வருவதென்றால் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். இந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்தால் அதன் வருமானமும் உங்களுக்கே.

சிறந்த பாடல்கள் என்று இன்னொரு தொகுப்பை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். ஒவ்வொரு சிறு தட்டும் முதலில் எப்படி வந்ததோ, அதே வரிசையில், அதே உறையோடு, ஆண்டும் கூடமும் வாசித்தவர்கள் பெயரும் சேர்த்து வெளியிடுங்கள். உறைக் குறிப்பு எழுத ஆள் வேண்டுமென்றால் பாடகியிடமே கேளுங்கள். 1947இல் பிறந்தவர், 2024இல் பத்மபூஷண் வாங்கிய பிறகும் பாடிக்கொண்டிருக்கிறார். எந்தப் பாட்டுக்கு யார் டிரம்ஸ் வாசித்தார் என்பதை அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள இன்று முடியும். தள்ளிப்போடப் போட அது கடினமாகும். குரல் சரியில்லை என்று பள்ளி இசை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பைகுல்லாச் சிறுமி அவர். மாட்டுங்காவிலிருந்து ஐந்தாவது நிலையம். ரயில் அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த வகுப்பறை நினைவுக்கு வரும்.

இதைக் கேட்டு இரண்டு முறை ஒரு நிறுவனத்துக்கு எழுதினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரே பதில் இரண்டு முறையும் வந்தது, தேதி மட்டும் மாறியிருந்தது. அதனால்தான் இம்முறை எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேரிடமும் சேர்த்து அவருடைய தட்டுகள் 31, கேசட்டுகள் 18 இருக்கின்றன. எண்களையும் உறைகளையும் தம்பி படம் எடுத்துப் பட்டியலிட்டு வைத்திருக்கிறான். அண்ணாவிடம் 1970களின் நிகழ்ச்சி விளம்பரத் துணுக்குகள் ஒரு கோப்பு நிறைய உண்டு. எதற்கும் பணம் வேண்டாம், இரவலாகத் தருகிறோம். உங்களில் யாராவது ஒருவர் பதிவேட்டைத் திறந்து, நான் வாங்கிய தட்டின் எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும் வெளியீட்டு நாளைப் படித்துச் சொல்லுங்கள், அதிலிருந்து தொடங்கலாம். எங்கே வர வேண்டும் என்று சொன்னால் அண்ணாவும் மாமியும் நானும் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
மாட்டுங்காவிலிருந்து ஒரு ரசிகை