பீரோவில் இருக்கும் ஜெராக்ஸ்: வெளியுறவு அமைச்சகத்துக்கு ராயபுரத்திலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது என் அப்பா அங்கே வெல்டர். எனக்கு ஒன்பது வயது. கல்மண்டபம் பக்கம் ஒண்டுக்குடித்தனம். வாராவாரம் வரும் கடிதம் நின்றுபோனது. அம்மா பிஸ்கட் டப்பாவிலிருந்து அப்பாவின் பாஸ்போர்ட் ஜெராக்ஸை எடுத்து, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். "இதெல்லாம் டெல்லி விஷயம்மா" என்று ஓரிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு தாளை வாங்கி வைத்துக்கொள்ள ஊரில் ஆளில்லை.

அங்கே அப்பாவிடமோ ஒரு தாளும் இல்லை. பாஸ்போர்ட் அரபி முதலாளியிடம். அவர் சவூதிக்கு ஓடிவிட்டார்.

அரசு சும்மா இருக்கவில்லை, அதை நன்றியோடு சொல்கிறேன். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைப் பார்த்தார். இருவரும் கட்டித் தழுவிய படத்துக்காக அவரைப் பலர் திட்டினார்கள். எங்கள் தெருவில் யாரும் திட்டவில்லை. இந்தியா அந்தச் சண்டையில் இறங்காமல் இருந்ததால்தான் கதவு திறந்தது என்று இன்றும் நம்புகிறேன். பஸ்ரா, பாக்தாத் வழியாக பஸ்ஸில் ஜோர்டான், அம்மானிலிருந்து ஏர் இந்தியா. இரண்டே மாதத்தில் 488 விமானங்கள், ஒரு லட்சம் பேருக்கு மேல்.

அப்பா சென்ட்ரலில் இறங்கியபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பைதான். அதற்குள் தூதரகம் கொடுத்த பயணத் தாள், நான்காக மடித்து, வியர்வையில் மை கலைந்து. தான் யார் என்று சொல்லி அதை வாங்கவே நாள்கணக்கில் வரிசையில் நின்றாராம். அவர் யார் என்பதற்கான சான்று அத்தனை நாளும் ராயபுரத்தில் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.

சரி, இப்போது? ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில், அதாவது அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவாகிறார். பத்தாவது தேறியவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விசிட் விசாவில் போய் அங்கேயே வேலை தேடிக்கொள்கிற பையன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. போர் வந்தால் முதலில் தொலைவது இவர்கள்தான்.

அதனால் கேட்கிறேன். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாலுகா ஆபீஸ்களில் ஒரு மேசை போடுங்கள். வீட்டில் இருக்கிறவர்களே வந்து பாஸ்போர்ட் நகல், வேலை பார்க்கும் இடம், அங்குள்ள போன் நம்பர் எல்லாம் தர முடியவேண்டும். கொடுத்ததற்கு ரசீது வேண்டும். அந்த விவரம் அன்றைக்கே தூதரகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். சண்டை மூண்ட பிறகு ஹெல்ப்லைன் திறப்பது அப்புறம் இருக்கட்டும்.

எங்கள் தெருவிலிருந்து இன்று நான்கு பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். நான்கு வீட்டிலும் கேட்டுவிட்டேன். ஜெராக்ஸ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. எங்கே கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குவைத்திலிருந்து திரும்பிய ஒரு வெல்டரின் மகள்,
ராயபுரம்