சித்தப்பா, ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"கால்ல சின்னக் கொப்புளம்தான், வலியே இல்ல" என்று போனில் சொன்னீர்கள். வலி இல்லை என்றதுதான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறியே இருந்தால் நரம்பு கெடும். பாதம் வரை போகும் நீளமான நரம்புகள்தான் முதலில் அடிவாங்கும். ஆரம்பத்தில் எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி மதமதப்பு. அப்புறம் அந்த எரிச்சலும் நின்றுபோகலாம். சரியாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்வார்கள், உணர்ச்சிதான் போயிருக்கும். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றி, உள்ளங்கால் தோல் உரிந்து போனதை வீட்டில் யாராவது பார்த்துச் சொன்னால்தான் தெரியும் என்ற நிலை அது.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, மரத்த கைகாலில் சூடும் காயமும் படுவது தெரியாததால்தான் அவை சேதமாகின்றன என்று கண்டுகொண்டார். பின்னாளில் அமெரிக்காவில், சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணுக்கும் அதே காரணம்தான் என்று எடுத்துச் சொன்னார். இன்று உங்களைப் போன்றவர்களுக்கு எழுதித் தரும், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்சிஆர் செருப்பு, தொழுநோயாளிகளின் காலைக் காக்க முன்பே பயன்பட்டதுதான். பின்பட்டை வைத்ததாக வாங்குங்கள். உணர்ச்சியில்லாத காலிலிருந்து சாதாரணச் செருப்பு நழுவினாலும் தெரியாது.

கால் ஆணியை பிளேடால் சீவுவதை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. கார்ன் பிளாஸ்டரும் வேண்டாம், அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். வெந்நீரில் கால் வைக்காதீர்கள். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் கூடாது. படுக்கும் முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் சித்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். பீடியைப் பற்றிச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்: காலுக்கு இறங்குகிற கொஞ்ச ரத்தத்தையும் அது தடுக்கிறது.

கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் வருஷம் ஒருமுறை சோதனை உண்டு, அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். கொப்புளத்தை நாளைக்கே காட்டுங்கள். மஞ்சள் பத்துப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் சீட்டை மட்டும் பார்த்து மாத்திரை எழுதினால், செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுங்கள். நைலான் இழையை அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். காசு பற்றி யோசிக்காதீர்கள், நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்