எல்லை தாண்டாத காரை இலவசமாகத் தர வேண்டாம்

ஜெர்மனியில் கார் வாடகைக்கு விடும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

வாடகைக்கு எடுத்த காரில் எந்தெந்த நாட்டுக்குள் போகலாம், எதற்குள் போகக் கூடாது என்று நீங்கள் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். நாடுகளை மண்டலம் மண்டலமாகப் பிரித்து, எந்த பிராண்ட் எந்த மண்டலம் வரை போகலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எழுதியவர்களுக்கே அதை நான் விளக்கப் போவதில்லை. அதைப் படிக்காமல் வந்து கவுண்டரில் சத்தம் போடுகிற ஆள் என்று மட்டும் என்னை நினைத்துவிடாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். இந்த மடலை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

இந்தக் கோடையில் உங்களில் ஒருவரிடம் கார் எடுத்தேன். பெயர் வேண்டாம். பக்கத்துக் கவுண்டரிலும் இதே பட்டியல், இதே பொடி எழுத்துதான். மியூனிக்கில் கிளம்பி சால்ஸ்பர்க், லியுப்லியானா, அங்கிருந்து ஏட்ரியாட்டிக் கடலோரமாக இறங்கி, பொஸ்னியாவில் மோஸ்தார், மொண்டெநெக்ரோவில் கோட்டர், கடைசியில் குரோஷியாவில் டுப்ரோவ்னிக் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வர வேண்டும் என்பதற்காகவே அவர்களுக்கு மல்டிபிள் என்ட்ரி விசா கேட்டு, அதற்குத் தனியாக விளக்கக் கடிதமும் எழுதி வாங்கியிருந்தோம். புக்கிங்கில் இருந்தது ‘ஸ்கோடா ஆக்டேவியா ஸ்டேஷன் வேகன் அல்லது அதைப் போன்றது’. உங்கள் பட்டியலில் ஸ்கோடா பொஸ்னியாவுக்கும் போகலாம், மொண்டெநெக்ரோவுக்கும் போகலாம். கூடுதல் கட்டணம் கட்டி, எல்லை தாண்டும் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கவுண்டரில் இருந்த தம்பி முகமெல்லாம் சிரிப்பாக, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி என்றார். ஆக்டேவியாவுக்குப் பதிலாக ஆடி ஏ6. அப்கிரேட். பைசா செலவில்லை.

நான் அனுமதிக் கடிதத்தைக் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். சிரிப்பு போய்விட்டது. ஆடி பொஸ்னியாவுக்குப் போக முடியாது, மொண்டெநெக்ரோவுக்கும் போக முடியாது. சரி, நான் பதிவு செய்த ஸ்கோடாவையே கொடுங்கள் என்றேன். இன்றைக்கு இல்லை. நாளைக்கு? சொல்ல முடியாது. ரத்து செய்தால்? முன்பணம் கட்டிய புக்கிங், திரும்ப வராது. “அதைப் போன்றது என்றுதானே சார் போட்டிருக்கிறோம், அதைவிட நல்ல காரே கொடுத்திருக்கிறோமே” என்றார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிற சாவியைத்தானே அவரால் எடுத்து நீட்ட முடியும்? கோபம் எல்லாம், அவரை அப்படி ஒரு சாவியோடு அங்கே உட்கார வைத்த உங்கள் மேல்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். பணம் வாங்குவதற்கு முன்னால் எந்தெந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்த நாடுகளுக்குப் போகக்கூடிய காரைத்தான் கொடுப்போம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். கார் மாறினாலும் அந்த உறுதி மாறக் கூடாது.

இதற்குப் போய் இவ்வளவு பெரிய கடிதமா என்று தோன்றலாம். மோஸ்தாருக்கு நாங்கள் எப்படிப் போனோம் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா நெடுஞ்சாலைத் துறையில் பாலம் கட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம் வாய்க்கால் மேல் போட்ட சின்னப் பாலங்களைக்கூட வண்டியை நிறுத்திக் காட்டுவார். மோஸ்தார் பாலத்தை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். 1566-ல் ஓட்டோமான் ஆட்சியில் கட்டி முடித்தது. நெரெத்வா ஆற்றுக்கு மேலே கல்லால் ஒரே வளைவு, நடுவில் ஒரு தூண் கிடையாது. 1993 நவம்பரில் போரில் பீரங்கியால் அடித்துத் தகர்த்தார்கள். பிறகு அந்த வட்டாரத்துக் கல்லையே வெட்டி எடுத்து, பழைய முறையிலேயே திரும்பக் கட்டி 2004-ல் திறந்தார்கள். எங்கள் பயணமே இந்தப் பாலத்தை நடுவில் வைத்துப் போட்டதுதான். மற்ற ஊர்கள் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் சேர்த்துக்கொண்டவை.

காரை டுப்ரோவ்னிக்கில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போனோம். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. அந்த பஸ்ஸின் படி உயரம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மேலே வைத்து, அடுத்த காலை நான் பின்னாலிருந்து தாங்க, ஏறினார். எல்லையில் ஒருவர் ஏறி எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்களுடையது எல்லாம் திரும்பி வந்துவிட்டது, எங்களுடையது மட்டும் வரவில்லை. எதற்கு வந்தீர்கள், எப்போது திரும்புவீர்கள், எந்த விசா என்று கேள்விகள். பஸ் முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா மெதுவாக, “காருக்குப் பணம் கட்டிட்டு ஏன்டா பஸ்ஸுல போறோம்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், அம்மாவிடம் படித்துக் காட்டுகிறேன்.

பாலத்தின் மேல் நடை வழுவழுப்பான கல். வழுக்காமல் இருக்கக் குறுக்கே வரிவரியாக மேடு விட்டிருக்கிறார்கள். அப்பா அதில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து நடு வளைவு வரை ஏறினார். அப்புறம் கீழே கரைக்குப் போய், வளைவு கரையில் வந்து உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் காலோடு இறங்கி ஏற நேரம் பிடிக்கும். திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பரவாயில்லை என்று அவரே சொன்னார். காரில் வந்திருந்தால் சாயங்காலம் வரை அங்கேயே இருந்திருப்போம். கோட்டர் டுப்ரோவ்னிக்கிலிருந்து நூறு கிலோமீட்டர்கூடக் கிடையாது, இன்னொரு எல்லையில் இன்னொரு பஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இலவசமாகக் கிடைத்த ஆடி அந்த நேரமெல்லாம் டுப்ரோவ்னிக் வெயிலில் சொகுசாக நின்றிருந்தது. பார்க்கிங் கட்டணம் மட்டும் இலவசம் இல்லை.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. விலை உயர்ந்த ஜெர்மன் கார்கள் திருட்டுப் போகும், எல்லை தாண்டிப் போனால் மீட்பது கஷ்டம், இன்ஷூரன்ஸ்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பீர்கள். சரி. அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு நாடு விட்டு நாடு செல்லுபடியாகும் பச்சை அட்டை முறை 1953 முதல் நடப்பில் இருக்கிறது. பொஸ்னியாவும் மொண்டெநெக்ரோவும் அதில் உண்டு. கொசோவோ இல்லை, அதனால்தான் அங்கே எல்லையிலேயே தனி இன்ஷூரன்ஸ் வாங்க வேண்டியிருக்கிறது. ஆக, உங்கள் கவலை அடுத்தவர் காரைப் பற்றியது அல்ல, உங்கள் சொந்தக் காரைப் பற்றியது. அதுவும் நியாயமான கவலைதான். ஆடியும் ஸ்கோடாவும் ஒரே ஃபோக்ஸ்வாகன் குழுமத்துப் பிள்ளைகள். ஒன்றை அனுப்பலாம், இன்னொன்றை அனுப்பக் கூடாது என்று நீங்கள் முடிவு செய்தால் அது உங்கள் உரிமை. அந்த முடிவு பணம் வாங்கும்போது தெரியாமல், சாவி கொடுக்கும்போது மட்டும் எப்படி ஞாபகம் வருகிறது என்பதுதான் என் கேள்வி.

பதிலையும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. உங்கள் தொழிலில் கார்களுக்கு நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. முதல் எழுத்து காரின் தரவகை, இரண்டாவது வடிவம், மூன்றாவது கியர், நான்காவது எரிபொருளும் ஏசியும். பிராண்டுக்கு அதில் எழுத்து கிடையாது, எந்த எல்லை வரை போகும் என்பதற்கும் கிடையாது. அந்தக் கணக்கில் ஆக்டேவியாவுக்கு ஒரு படி மேலே ஆடி, அதனால் அப்கிரேட். பயணம் போகிறவன் கணக்கிலோ அது பாதி வழியில் நின்றுபோகும் கார். ஏசி உண்டா என்று சொல்ல ஓர் எழுத்து ஒதுக்கிய தொழிலுக்கு, எல்லைக்கும் ஓர் எழுத்து ஒதுக்குவது பெரிய காரியமா?

வெளிப்படைத்தன்மை உங்களுக்குப் புதிய சொல்லும் இல்லை. ஐரோப்பிய ஆணையமும் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகளும் பல வருடம் பேசிய பிறகு, ஐந்து பெரிய வாடகை நிறுவனங்கள் விலையையும் நிபந்தனைகளையும் தெளிவாகக் காட்டும் விதத்தைத் திருத்திக்கொண்டதாக 2019 ஜனவரியில் ஆணையம் அறிவித்தது. தவிர்க்க முடியாத கட்டணமெல்லாம் முதலில் காட்டும் விலைக்குள் வந்துவிட வேண்டும், டெபாசிட்டும் எரிபொருள் விதியும் கிலோமீட்டர் வரம்பும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. நல்லது. நாலு நாடு சுற்றுகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம் மட்டும் இன்னும் பொடி எழுத்திலேயே கிடக்கிறது.

சொல்ல ஆரம்பித்தால் இது ஒன்றோடு முடியாது. வெளிச்சமே இல்லாத அடித்தளப் பார்க்கிங்கில் காரை ஒப்படைத்துவிட்டு, கீறல் இருந்தால் இப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். திருப்பிக் கொடுக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. எல்லா ஆபத்துக்கும் காப்பு என்று தினசரிக் கட்டணம் வாங்குகிறீர்கள். டயர், கண்ணாடி, கூரை, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை தவிர என்று அப்புறம் தெரிகிறது. ரோட்டில் கல் தெறித்தால் வேறு எங்கே படும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இத்தாலியில் பழைய நகரத்துக்குள் தடை செய்த தெருவில் தெரியாமல் நுழைந்த நண்பரின் விலாசத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்கே ஒரு கட்டணம் எடுத்தார்கள். அபராதம் பல மாதம் கழித்துத் தனியாக வந்தது. விலாசம் எழுதிக் கொடுத்தே பிழைக்கலாம் என்றால் நாங்களும் இந்தத் தொழிலுக்கே வந்திருப்போம்.

மன்னிக்கவும், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இதற்கெல்லாம் இன்னொரு மடல் எழுதிக்கொள்ளலாம். இப்போது என் கோரிக்கை அந்த ஒன்றுதான். பதிவு செய்யும்போது நாடுகளின் பெயரைக் கேளுங்கள். நீங்கள் சம்மதித்த நாடுகளை அந்த ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். கவுண்டரில் வேறு கார் கொடுக்க வேண்டி வந்தால், அதுவும் அதே நாடுகளுக்குப் போகக்கூடியதாக இருக்கட்டும். அப்படி ஒரு கார் கையில் இல்லையென்றால் கட்டிய பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம். அனுமதிக் கடிதத்துக்குக் கட்டணம் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைக் கட்டத் தயாராகத்தான் வந்து நின்றேன்.

இன்னொன்று. டுப்ரோவ்னிக்கில் இறங்கியதும் பொஸ்னியாவுக்கு மட்டும் அங்கே இன்னொரு கார் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று உங்கள் கவுண்டரில் எனக்கு யோசனை சொன்னார்கள். நல்லெண்ணத்தில் சொன்னது என்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு காருக்குப் பணம் கட்டியவனிடம் சொல்லக்கூடிய யோசனை அல்ல அது. உங்கள் பயிற்சிக் கையேட்டில் அது இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அடுத்த கோடை புக்கிங் தொடங்குவதற்கு முன் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். கரைக்கு இறங்கிப் பார்க்காமல் வந்ததைப் பற்றி அப்பா போனில் பேசும்போதெல்லாம் கேட்கிறார். மறுபடி கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களில் யார் அந்த ஒரு வரியை ரசீதில் எழுதித் தருகிறீர்களோ, அவர்களிடமே கார் எடுத்துக்கொள்கிறேன். அப்கிரேட் வேண்டாம்.

இப்படிக்கு,
மியூனிக்கில் வசிக்கும் உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்