முதுகெலும்பு முறிந்தவரை ஊருக்கு ரயிலேற்ற வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவரை நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதைத் தாராவிப் பக்கம் இன்றும் பார்க்கலாம். நல்ல மனசுதான். ஆனால் முதுகெலும்பு முறிந்திருந்தால் உடைந்த சில்லு, அதற்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடத்தை இன்னும் நசுக்கிவிடும். அசைக்காமல் 108-ஐ அழைப்பதே சரி.

கால் மரத்தாலோ, விழுந்தபின் சிறுநீர் பிரியாவிட்டாலோ நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சையில் தண்டுவடத்தின் மேலுள்ள அழுத்தத்தை நீக்கவே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதில் பொருத்தும் திருகாணியும் கம்பியும் எலும்பைத்தான் அசையாமல் நிறுத்தும், செத்த நரம்பைப் பிழைக்க வைக்காது. ஓரளவு உணர்வு மிஞ்சியவர்களுக்கே மீளும் வாய்ப்பு அதிகம். இது தெரியாமல், 'முதுகில் கத்தி வைத்தால் கால் விளங்காது' என்று பயந்து ஊர் வைத்தியரிடம் கூட்டிப் போகிறார்கள். நெல்லைக்கு ரயிலிலேயே ஒரு நாளுக்கு மேல் ஓடிவிடுமே!

அப்புறம், சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சிக்கு மும்பை ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இங்குள்ள தமிழ் அமைப்புகள் அதன் முகவரியையாவது தமிழில் எழுதிக் கட்டடத் தொழிலாளர் வேலை தேடிக் கூடும் நாக்காக்களில் (தெருச் சந்திப்புகளில்) ஒட்டலாம்.

— ஒரு வாசகர், தாராவி, மும்பை