கடிவாளத்தைக் கொடுத்தவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டற்ற பேராவலின் கேட்டைச் சொல்ல வருவோர் மெழுகுச் சிறகுகளோடு சூரியனை நெருங்கிப் பறந்து வீழ்ந்த கிரேக்கப் புராணத்தின் இகாரசையே எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் அவன் வீழ்ச்சியில் மாண்டது அவன் ஒருவனே. ஃபேத்தனின் கதை அதைவிடக் கொடியது. சூரியதேவன் ஹீலியோசின் மகன் தான் என்பதை நிலைநாட்டத் துடித்த அவ்விளைஞன், சூரியனை வானில் ஏந்திச் செல்லும் தந்தையின் தேரை ஒரு பகல் ஓட்டக் கேட்டான். எது கேட்டாலும் தருவதாக தேவர்களும் மீறக்கூடாத ஆணைக்குரிய பாதாள ஆறான ஸ்டிக்ஸின் மேல் முன்பே ஆணையிட்டுவிட்ட தந்தையால், எவ்வளவோ எச்சரித்தும், மறுக்க முடியவில்லை. குதிரைகள் தறிகெட்டு ஓட, ஆறுகள் வறண்டன, காடுகளும் நகரங்களும் எரிந்தன. உலகைக் காக்க தேவர்களின் அரசன் ஜீயஸ் அவனை இடியால் வீழ்த்த வேண்டியதாயிற்று. தகுதியை ஆராயாமல் வாக்களித்த ஹீலியோசுக்கும் இப்பேரழிவில் சம பங்கு உண்டு என்றே கருதுகிறேன். இக்கதையை மாணவர்களுக்குச் சொல்லும் ஆசிரியர்கள், மகனின் ஆசையோடு தந்தையின் ஆணையையும் சேர்த்து விவாதிக்க வேண்டுகிறேன்.